ரெஃபரன்ஸ் பக்கத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்

உலகை மாற்றிய ஆய்வுக் கட்டுரைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் ஐன்ஸ்டைன் இருப்பார், டிஎன்ஏ இருக்கும், நம்மவர் என்று ராமன் இருப்பார். காரைக்குடியில் தீசிஸ் (பிஎச்டி ஆய்வேடு) டைப் அடித்து, ரெக்சின் அட்டையில் தங்க எழுத்துப் போட்டு பைண்டிங் பண்ணிக் கொடுக்கிற என்னைக் கேட்டால் வேறு பட்டியல்தான் வரும். அழகப்பா பல்கலைக்கழகப் பிள்ளைகளும் வருவார்கள், சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துப் பிள்ளைகளும் வருவார்கள். உள்ளே இருக்கிற ஆராய்ச்சி எனக்குப் பாதி புரியாது. ஆனால் எந்தெந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டினார்கள் என்று எழுதியவர் பெயர், வருஷத்தோடு கடைசியில் பட்டியல் போடும் ரெஃபரன்ஸ் பக்கங்கள் கிட்டத்தட்ட மனப்பாடம்.

பயோகெமிஸ்ட்ரி என்றால் லௌரி, 1951. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று நீல நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் முறை, அவ்வளவுதான். உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அதுதான், 3 லட்சம் தடவைக்கு மேல். அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லௌரியே பின்னாளில் எழுதினார். கல்வியியல், மேலாண்மைப் பிள்ளைகளுக்கு லைக்கர்ட் 1932, கிரான்பாக் 1951. ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்று டிக் அடிக்கச் சொல்லும் கேள்வித்தாளுக்கு ஒருவர், அந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்க்க இன்னொருவர். நானோ துகள் என்றால் ஷெரர் 1918. எக்ஸ்ரே வரைபடத்தில் முகடு அகலமானால் துகள் சிறியது என்கிற கணக்கு. பேட்டரி என்றால் மிசுஷிமா 1980. லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பற்றிய அந்த வேலைக்காகத்தான், கட்டுரையைச் சேர்ந்து எழுதிய குட்இனஃபுக்கு 97 வயதில், 2019-இல், நோபல் கிடைத்தது. பாவம், ரெஃபரன்ஸில் சுருக்கிப் போடும்போது அவர் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் போய்விடுவார்.

2014-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழ் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் 100 கட்டுரைகளைக் கணக்கெடுத்தபோது வாட்சனும் கிரிக்கும் எழுதிய 1953 டிஎன்ஏ கட்டுரை அதில் இல்லை. அது பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது, யாரும் தனியாகப் பெயர் சொல்வதில்லை. முறை சொல்லிக் கொடுத்த கட்டுரைகளுக்குத்தான் எண்ணிக்கை ஏறுகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு. லௌரி கட்டுரை 265-ஆம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. ஒரு தீசிஸில் அது 256 என்று வந்தது. அடுத்த பேட்ச் பையன் கொண்டுவந்ததிலும் 256. நெட்டில் பார்த்துவிட்டுத் திருத்தப் போனேன். “அண்ணே, மாத்தாதீங்க. சீனியர் தீசிஸ்ல அப்படித்தான் இருக்கு, கைடு கேட்பாரு” என்றான். கட்டுரையைத் திறந்து பார்த்தியா தம்பி என்றால், சிரிக்கிறான்.

இது நம்மூர்ச் சங்கதி மட்டும் இல்லை. கலிஃபோர்னியாவில் சிம்கின், ராய்சவுத்ரி என்று இரண்டு பேர் 2003-இல் இதையே ஆராய்ந்தார்கள். புகழ்பெற்ற ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் செய்த அச்சுப்பிழைகளை எண்ணினால், ஒரே பிழை மட்டும் 78 இடத்தில். தனித்தனியாக அத்தனை பேர் அதே தப்பைச் செய்ய முடியுமா என்ன? மேற்கோள் காட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படித்திருப்பார் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மீதிப் பேர் மொய் எழுதுவது மாதிரிதான். அவர் எழுதினார், நாமும் எழுதுவோம்.

இத்தனைக்கும் இந்தப் பெரிய கட்டுரைகள் பல குட்டியானவை. டிஎன்ஏ கட்டுரை ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். வெள்ளைக் குள்ள விண்மீன்களின் உச்ச எடையைப் பற்றி சந்திரசேகர் 1931-இல் எழுதியது இரண்டே பக்கம். ஒரு டீ ஆறுவதற்குள் முடியும். புரியாவிட்டாலும் பரவாயில்லை, இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடிகிறதே என்றாவது தெரியும். நம் பிள்ளைகளோ ஒரே விஷயத்தை நான்கு அத்தியாயமாக இழுக்கிறார்கள். எனக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு, நான் குறை சொல்லக்கூடாதுதான்.

அப்புறம் ‘இன்டர்நேஷனல் ஜர்னல்’ மோகம். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று வாட்ஸாப்பில் வருகிறது, அதை நம்பி வீட்டில் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். பிஎச்டிக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற விதியை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-லேயே எடுத்துவிட்டது, ஆனாலும் பயம் போகவில்லை. புள்ளியியல் மேதை சி.ஆர். ராவ் 1945-இல் தன் கட்டுரையை எங்கே போட்டார்? கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில். இன்று புள்ளியியல் படிக்கிறவர்கள் தாண்டாமல் போகமுடியாத கிராமர்-ராவ் எல்லை, அதாவது ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கான வரம்பு, அதிலிருந்து வந்தது. 2023-இல், நூறு வயது தாண்டிய பிறகு, அதற்காகப் புள்ளியியலின் பெரிய சர்வதேசப் பரிசைக் கொடுத்தார்கள். ஜி.என். ராமச்சந்திரன் புரதச் சங்கிலியின் வளைவுகளுக்கு வரைபடம் போட்டதும் (1963) சென்னைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துதான்.

கைடுகளுக்கும், வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வருகிற பேராசிரியர்களுக்கும் ஒரு யோசனை. ரெஃபரன்ஸ் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியில் விரலை வையுங்கள். இந்தக் கட்டுரையில் என்னப்பா இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். முதல் ஒரு வருஷம் பிள்ளைகள் என்னைத் திட்டித் தீர்ப்பார்கள். சரி, திட்டட்டும்.