பில்லில் இரண்டு பேர், பலகையில் ஒருவரா?

"இன்றைக்கு உனக்கு நான்கு பேஷண்ட்தான்." ஷிப்ட் தொடங்கும்போது இந்தத் 'தான்' காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான்கு அறைகளில் நான்கு கட்டில், நான்கு தொட்டில். தொட்டிலில் கிடப்பவர்கள் யார் கணக்கு?

அமெரிக்காவில் 13 வாரத்துக்கு ஒரு மருத்துவமனை என்று மாறி மாறி, பிரசவத்துக்குப் பிந்தைய தாய் சேய் வார்டுகளில் டிராவல் நர்ஸாக வேலை பார்க்கிறேன். மாநிலம் மாறினாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. தாயையும் சேயையும் ஒரு ஜோடி என்று கட்டி, ஒன்று என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் குழந்தைக்குக் கையிலும் காலிலும் தனி அடையாளப் பட்டை உண்டு. தனிக் கோப்பு உண்டு. தனி பில்லும் உண்டு! பணம் வாங்கும்போது தனி ஆளாக இருக்கும் குழந்தை, நர்ஸ் போடும்போது மட்டும் எங்கே போய்விடுகிறது?

எண்ணத் தெரியாமல் நடப்பதல்ல இது. 2004இல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியா விதியில், ஒரு நர்ஸுக்கு நான்கு ஜோடிதான் உச்சவரம்பு; இரட்டைக் குழந்தைகள் இருந்தால் தாய்மாரும் குழந்தைகளும் சேர்ந்து 8 பேரைத் தாண்டவே கூடாது. மகப்பேறு நர்ஸ்களின் தேசியச் சங்கமோ மூன்று ஜோடிக்கு மேல் வேண்டாம் என்கிறது. எனக்கு ஐந்து ஜோடி கொடுத்த இரவுகள் உண்டு.

அப்படியோர் இரவு, மணி மூன்று. ஒரு தாயின் வயிற்றில் கை வைக்கிறேன், கருப்பை இறுகாமல் கொழகொழவென்று கிடக்கிறது. பேட் நனைந்து விரிப்புக்கும் இறங்கிவிட்டது. ஒரு கையால் கருப்பையைத் தேய்த்து அழுத்திக்கொண்டே மறு கையால் உதவி மணியை அடிக்கிறேன். நனைந்த பேடுகளை எடை போட வேண்டும், ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் ரத்தம் என்று கணக்கு. 1000 மில்லியைத் தொட்டால் அது அபாயக்கட்டம். அதே நேரத்தில் இரண்டு அறை தள்ளி, சர்க்கரை நோயுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் குதிகாலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தாக வேண்டும். சர்க்கரை இறங்கினால் அந்தக் குழந்தை கத்திக் கூப்பிடாது. துவண்டு தூங்கும். பார்ப்பவர்கள் சமர்த்துக் குழந்தை என்பார்கள்.

நாற்பது நிமிடம் தாமதமாகத்தான் என்னால் அங்கே போக முடிந்தது. குழந்தை நன்றாக இருந்தது. என் கை நடுக்கம் நிற்கவில்லை. காலையில் எனக்குக் கிடைத்த அறிவுரை, "நேரத்தைத் திட்டமிடப் பழகு" என்பது. எந்த நேரத்தை? ரத்தம் போகும் நேரத்தையா?

வெளியிலிருந்து வந்தவள் என்பதால் இன்னும் மோசம். ஒரே ஒரு ஷிப்ட் வார்டைச் சுற்றிக் காட்டுவார்கள், மறுநாள் முழுச் சுமை. ரத்தப்போக்கு அவசரத்துக்கான மருந்தும் கருவிகளும் வைத்திருக்கும் தள்ளுவண்டி எங்கே நிற்கிறது என்று நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வேறு வார்டில் ஆள் குறைந்தால் முதலில் அனுப்பப்படுவதும் நான்தான். வாயைத் திறந்தால் ஒப்பந்தம் ரத்தாகும் என்று, என்னை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் நயமாக நினைவூட்டுவார். நிரந்தர நர்ஸ்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் இதே கணக்கில்தான் நசுங்குகிறார்கள்.

இதற்கெல்லாம் நடுவே, முதல் பிரசவத்தில் மார்பில் குழந்தையைப் பிடிக்கத் தெரியாமல் அழுகிற பெண்ணின் அருகே அரை மணி நேரம் உட்கார வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடுகிறேன். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் ஓட முடிகிறது.

போன வாரம், எந்த நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட் என்று எழுதும் வார்டுப் பலகையில் என் பெயருக்கு நேரே 4 என்று இருந்ததை அழித்து 8 என்று எழுதினேன். ஷிப்டின் பொறுப்பு நர்ஸ் அதை மறுபடி 4 ஆக்கினார். அடுத்த ஷிப்டிலும் 8 என்றே எழுதினேன். ஒப்பந்தத்தில் இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதுவரை எழுதுவேன்.