மொழி வந்த பிறகுதான் வேலையா?
'அகதிகள் முதலில் மொழியைக் கற்கட்டும், வேலை அனுமதியைப் பிறகு தரலாம்' என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மொழி வேலையிடத்தில்தான் நாக்கில் ஏறும். என்னுடன் வேலை செய்த ஒரு பெண், போரில் வீட்டை இழந்து வந்தவர், ஒரு வருடம் வகுப்பில் உட்கார்ந்தும் தயங்கித் தயங்கித்தான் பேசுவார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் சேர்ந்த நாலே மாதத்தில், ஷிப்டை மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் வாதாடினார்! சொந்த நாட்டில் அவர் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தவர். சான்றிதழ் இடிபாட்டோடு போய்விட்டதால் இங்கே போர்வை மடித்துக்கொண்டிருந்தார், அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. காத்திருக்க வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியே சாட்சி. யூகோஸ்லாவியப் போரிலிருந்து தப்பி 1999-ல் அங்கு வந்தவர்கள், வந்தவுடன் வேலை செய்யக் கூடாது என்ற விதி தளர்ந்த பின் 2000-ல் வந்தவர்களைவிட சராசரியாக 7 மாதம் அதிகம் வேலைத் தடையில் இருந்தார்கள். ஐந்து வருடம் கழித்தும் அவர்களில் வேலையில் இருந்தவர்களின் விகிதம் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் குறைவு. வெறும் ஏழு மாதம்! உடனடி அனுமதி நடைமுறைக்கு ஒத்துவராது என்று இதே கட்டுரைக்கான பின்னூட்டத்தில் ஒரு நண்பர் சொல்கிறார். 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனியர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்தபோது வேலை செய்யும் உரிமையும் கூடவே வந்ததே. கட்டுரை தொடாத இன்னொன்று சான்றிதழ். காகிதம் இல்லாதவர்களைச் செய்முறையாக வேலை செய்ய வைத்துத் திறமையை மதிப்பிடும் முறை ஜெர்மனியில் பல தொழில்களுக்கு உண்டு, மற்ற நாடுகள் முதலில் அதை எடுத்துக்கொள்ளட்டும்.