சிப் கடைசியில் வரட்டும்

சார்பின் வளையியைத் திரையில் கீறிக் காட்டுகிற வரைபுக் கல்குலேட்டர் ஒன்றை நாங்களே சேர்ந்து வடிவமைப்போம் என்று தொடங்கியதிலிருந்து எங்கள் வட்டத்தில் நடக்கிற வாக்குவாதம் முழுக்க சிப்பைப் பற்றித்தான். ஒலுவில் கம்பஸ் தம்பிமார் எஸ்.டி.எம்.32 என்கிறார்கள். வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகளுக்கு ஈ.எஸ்.பி.32 கைவந்த சாமான். இரண்டும் ஒரு கருவியின் மூளையாக நிற்கிற சின்னச் சிப் வகைகள். எத்தனை மெகாஹேர்ட்ஸ், எத்தனை கிலோபைட் என்றே பின்னேரம் முழுக்கப் போய்விடுகிறது. எனக்கு இதில் ஓர் உறுதியான கருத்து இருக்கிறது. நேரில் சொல்லப் போனால் பாதியில் பேச்சு திசைமாறிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒவ்வொரு பாகத்துக்கும் நான் வைக்கிற முதல் கேள்வி: பழுதானால் மட்டக்களப்புப் பட்டணத்துக்கு வெளியே, வாகரையிலோ கொக்கட்டிச்சோலையிலோ இருக்கிற ஒரு பிள்ளையால் அதை வாங்கி மாற்ற முடியுமா? வேகம், அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

வேகத்துக்கு நாம் ஏன் இவ்வளவு அடிபடுகிறோம் என்றே எனக்கு விளங்கவில்லை. கசியோ 1985 இல் விட்ட முதலாவது வரைபுக் கல்குலேட்டரின் திரையில் இருந்தது 96×64 புள்ளி. 2004 இல் வந்த டி.ஐ.-84 பிளஸ், 15 மெகாஹேர்ட்ஸ் ஓடுகிற எட்டு பிட் சிப்பை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் அமெரிக்க வகுப்பறைகளில் நின்றுபிடித்தது! நான் சொல்வது ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன போர்டை. அதில் இருக்கிற ஆர்.பி.2040 சிப்புக்கு இரண்டு கோர், 133 மெகாஹேர்ட்ஸ், 264 கிலோபைட் நினைவகம். 240 புள்ளி அகலமான திரையில் ஒரு வளையி கீற, சார்பை 240 தடவை கணித்தால் போதும். தசமக் கணக்குக்கென்று தனிச் சுற்று அந்தச் சிப்பில் இல்லாவிட்டாலும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

ஈ.எஸ்.பி.32 வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. வைஃபை, புளூடூத் இரண்டும் உள்ளே இருக்கிற கல்குலேட்டரை எந்தப் பரீட்சை மண்டபமும் ஏற்காது. எங்கள் உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளில் கல்குலேட்டருக்கே அனுமதி இல்லை, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இது படிப்பதற்கு. இணைந்த கணிதத்தில் y = x/(x²+k) என்ற சார்பை எடுங்கள். k மறை எண்ணாக இருக்கும்போது நிலைக்குத்து அணுகுகோடு, அதாவது வளையி கிட்டக் கிட்டப் போயும் தொடாத கோடு, இரண்டு நிற்கும். k நேர் எண்ணாக மாறியதும் இரண்டும் காணாமல்போய், வளையி ஒரே கோடாக ஓடும். பெறுதி எடுத்து, அட்டவணை போட்டு, கையால் கீறிய பிள்ளை k ஐ மாற்றி மாற்றிப் பார்க்கும்போது கண் விரிவதை நான் பார்த்திருக்கிறேன். போனில் ஓடுகிற ஜியோஜீப்ரா என்ற இலவசச் செயலியில் இதைச் சும்மா பார்க்கலாம், உண்மை. ஆனால் பாடசாலைக்குள் போன் கொண்டுபோக விடுவதில்லை. அதோடு, திறந்து உள்ளே பார்க்கக்கூடிய ஒரு கருவி எங்கள் பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும் என்பதும் என் ஆசை.

இனி பற்றரி. கூடுதலாகப் பேச வேண்டிய இடம் இதுதான், நாங்கள் குறைவாகப் பேசியதும் இதைத்தான்.

லித்தியம் போடுவோம், போன் சார்ஜரிலேயே ஏற்றலாம் என்று முக்கால்வாசிப் பேர் சொல்கிறீர்கள். தனி லித்தியம் பற்றரியை விமானத் தபாலில் எடுப்பதே பெரிய வில்லங்கம். 18650 என்கிற உருளை லித்தியம் பற்றரியில் நல்லது ஒன்று 3500 மில்லியம்பியர்-மணி அளவில் நிற்கும். 9900 என்று உறையில் அடித்து விற்கிறதை வாங்கி ஏமாந்த பிள்ளைக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

அதற்குப் பிறகு ரெகுலேட்டர், பற்றரியின் வோல்ட்டைச் சிப்புக்குத் தேவையான அளவில் நிலையாகக் கொடுக்கிற பாகம். கடையில் 3.3 வோல்ட் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவது ஏ.எம்.எஸ்.1117. அது ஒழுங்காக 3.3 கொடுக்க, உள்ளே வருகிற வோல்ட் அதைவிட ஒன்றுக்கு மேல் கூட இருக்க வேண்டும், கிட்டத்தட்ட 4.4. லித்தியம் முழுதாக ஏறினாலே 4.2 தான். மூன்று சின்ன ஏ.ஏ.ஏ. போட்டால் 4.5 இல் தொடங்கி உடனே கீழே இறங்கிவிடும். இன்னொன்று: அந்த ரெகுலேட்டர் ஒரு வேலையும் செய்யாமல் தானே 5 மில்லியம்பியர் குடிக்கும். ஒரு நாளுக்கு 120 மில்லியம்பியர்-மணி. 1000 மில்லியம்பியர்-மணிப் பற்றரி, புத்தகப் பையில் சும்மா கிடந்தே எட்டு நாளில் செத்துவிடும்.

பிக்கோ போர்டில் ஏற்கெனவே இருக்கிற ரெகுலேட்டர் வோல்ட்டைக் கூட்டவும் குறைக்கவும் கூடியது. 1.8 இலிருந்து 5.5 வரை எதைக் கொடுத்தாலும் ஏற்கும். அப்படியென்றால் இரண்டு பென்டோர்ச் (ஏ.ஏ.) பற்றரி போதும். புதிதாக 3 வோல்ட், ஒவ்வொன்றும் 0.9 க்கு இறங்கும்வரை கடைசிச் சொட்டும் பயன்படும். சுவர்மணிக்கூட்டுக்கு வாங்குகிற அதே பற்றரி, படுவான்கரையில் எந்தப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. பிக்கோ போர்ட் தூங்கும்போதும் ஒரு மில்லியம்பியருக்குக் கிட்ட எடுக்கும். எஸ்.டி.எம்.32 இன் எல்4 வரிசை இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். சுவிஸ்மைக்ரோஸ் டி.எம்.42 கல்குலேட்டரில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு தள்ளு சுவிச் போதும், பற்றரியையே வெட்டிவிடும். பிள்ளை எழுதிய நிரல், மின்சாரம் இல்லாமலும் நிற்கிற 2 மெகாபைட் பிளாஷ் நினைவகத்தில் அழியாமல் கிடக்கும்.

பற்றரிக் கூட்டின் ஸ்பிரிங்கையும் கவனியுங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. கல்லடியில் எந்த வீட்டு ரிமோட்டையும் கழற்றிப் பாருங்கள், ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் பச்சை பூத்திருக்கும், பற்றரி கசிந்த இடத்தில் வெள்ளைத் தூள். கூடு போர்டோடு ஒட்டிய பாகமாக இல்லாமல், இரண்டு வயரில் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

திரைக்கு வருவோம். கலர் டி.எப்.டி. மலிவு, எங்கும் கிடைக்கும், பார்க்க வடிவு. ஆனால் பின்னொளி மட்டும் பல பத்து மில்லியம்பியர் தின்னும், வெயிலில் ஒன்றும் தெரியாது. ஷார்ப்பின் மெமரி எல்.சி.டி., 400×240, வெயிலில் அச்சடித்ததுபோல் தெரியும், மின்சாரம் எடுப்பதே தெரியாது. விலை அந்தப் பிக்கோவின் பல மடங்கு, அதை எங்கள் பெற்றோரிடம் கேட்க எனக்கு மனம் வராது. மிஞ்சுவது சாதாரணக் கறுப்பு வெள்ளை எல்.சி.டி. அதில் 128×64 போதும் என்கிறவர்களுக்கு ஒரு சோதனை: எட்டுப் புள்ளி உயரத்தில் ‘ண’ வையும் ‘ன’ வையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், சுழிகள் ஒட்டி இரண்டும் ஒன்றாகிவிடும். பதினாறு புள்ளி இல்லாமல் தமிழ் ஒழுங்காக வாசிக்க வராது. 64 புள்ளி உயரத்தில் அப்படி நாலு வரிதான். 240×160 என்றால் பத்து வரி. திரையில் வருகிற தெரிவுப் பட்டியல் தமிழில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் கையுயர்த்தினோம், ஆகவே திரை 240×160. முழுப் படமும் 4800 பைட்டில் அடங்கும். 320×240 கலருக்கு 1,53,600 வேண்டும், நினைவகத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும்.

திரைகளின் கால் வரிசை கொம்பனிக்குக் கொம்பனி மாறும். திரையை ஒரு சின்னத் தனி போர்டில் ஏற்றி, எட்டுக் கால் கனெக்டரால் பிரதான போர்டில் செருகுவோம். நாளைக்கு அந்தத் திரை நின்றுபோனால் சின்ன போர்டை மட்டும் மாற்றினால் சரி.

சிப்புக்கும் இதே நியாயம். ஆர்.பி.2040 ஐத் தனியாக வாங்கினால் ஏழு மில்லிமீற்றர் சதுரத்தில் 56 கால். சூட்டுக்காற்றால் ஒட்டுகிற கருவி இல்லாமல் கிட்டவும் போக முடியாது. முழு பிக்கோ போர்டையும் சொக்கெட்டில் செருகினால், பழுதானதைப் பிடுங்கிப் புதிதைக் குத்தலாம். 2021 இல் வந்தபோது அதன் விலை 4 டொலர். உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்து எஸ்.டி.எம்.32 கண்ணில் படாமல் போன காலத்திலும் இது கிடைத்துக்கொண்டிருந்தது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், ஒரே ஓர் இடத்தில் மட்டும் கிடைக்கிற சாமானை நம்புவது எவ்வளவு ஆபத்து என்று அப்போது தெரிந்தது. 2024 இல் வந்த பிக்கோ 2 க்கு 520 கிலோபைட், தசமக் கணக்குக்குத் தனிச் சுற்றும் உண்டு. அதே சொக்கெட்டில் அப்படியே உட்காரும். வேகம் வேண்டுமென்கிற தம்பிமார் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விசைகளுக்கு றப்பர் பாய் வடிவாக இருக்கும், ஆனால் அச்சு செய்யவே காசு போய்விடும். 6×6 மில்லிமீற்றர் தட்டு சுவிச் போடுவோம், ரீ.வி. றிப்பயர் கடைகளில் அள்ளலாம். எட்டு வரிசை, ஆறு நிரல், 48 விசை, பிக்கோவில் 14 கால் போகும். ஒவ்வொன்றுக்கும் டயோட் (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற பாகம்) தேவையில்லை. மூன்று விசையைச் சேர்த்து அமத்தினால்தான் அமத்தாத ஒன்றும் அமத்தியதுபோல் பொய் விசையாகத் தோன்றும், கல்குலேட்டரில் யாரும் அப்படி அமத்துவதில்லை.

மூடியின் தடிப்பை முடிவுசெய்ய எனக்கு ஒரு தகவல் வேண்டும். கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனைப் பக்கம் றிப்பயர் கடை வைத்திருக்கிறவர்கள், உங்கள் கடையில் எந்த உயரத் தட்டு சுவிச் எப்போதும் இருப்பில் கிடக்கிறது என்று அளந்து எழுதுங்கள். தண்டோடு சேர்த்து மில்லிமீற்றரில் சொன்னால் நல்லது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கிறதை விட்டுவிடுங்கள். எனக்கு வேண்டியது இங்கே, உங்கள் லாச்சிக்குள் இருக்கிறது.