பிரசவச் சம்பளத்தை யார் கொடுப்பது?

வேலை செய்யும் அல்லது வேலை தேடும் பெண்களின் பங்கு கூடிவிட்டது என்று அடிக்கடி ஒரு கணக்கு சுற்றுகிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7. அரசுக் கணக்கெடுப்புதான், பொய்யில்லை. ஆனால் கூடியதில் பெரும்பகுதி சுயதொழிலும், கூலியில்லாமல் குடும்பத் தொழிலில் கைகொடுப்பதும். மாதச் சம்பள வேலைக்குள் பெண்கள் அந்த வேகத்தில் நுழையவில்லை. அதற்கான காரணங்களில் ஒன்றை நாமே சட்டமாக எழுதி வைத்திருக்கிறோம் என்பதுதான் என் வாதம்.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. நல்ல விஷயம். ஆனால் அந்தச் சம்பளம் முழுக்க முதலாளியின் பையிலிருந்து வரவேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் ஆபீஸில் 40,000 சம்பளக்காரர் விடுப்பில் போனால் ஏறக்குறைய 2,40,000 ரூபாய். அந்த இடத்துக்கு ஆள் போட்டால் அது தனி. அதனால்தான் இன்டர்வியூவில் "கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தை பிளான் இருக்கா?" என்ற கேள்வி. ஆணிடம் இதை எவரும் கேட்பதில்லை. 7 வாரச் சம்பளத்தை நிறுவனங்களுக்குத் திருப்பித் தர யோசிப்பதாக 2018-ல் தொழிலாளர் அமைச்சகம் சொன்னது. திட்டம் வந்தபாடில்லை.

இதே நாட்டில் இன்னொரு வழியும் ஓடிக்கொண்டிருக்கிறது: ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். 20,000 சம்பளம் என்றால் 650-ம் 150-ம். ஆணென்றாலும் பெண்ணென்றாலும் அதே தொகை. பிரசவம் வந்தால் 26 வாரச் சம்பளத்தை ஈஎஸ்ஐ கழகம் கொடுக்கிறது. பெண்ணை எடுத்ததால் கம்பெனிக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. ஆனால் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் வெளியே. அதாவது பதவி உயர்வு வாங்கும் பெண்தான் கம்பெனிக்குப் 'பாரம்' ஆகிறார்!

ஈஎஸ்ஐயிலும் சறுக்கும் இடம் உண்டு. பங்களிப்புக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என இரண்டு. முந்தைய இரண்டு காலங்களில் சேர்த்து 70 நாள் பங்களிப்பு இருக்கவேண்டும். ஆனால் மார்ச்சில் முடியும் காலம் ஜூலையிலிருந்துதான் கணக்குக்கு வரும். அதனால் மே மாதம் பிரசவம் என்றால் கணக்கில் வருவது போன செப்டம்பர் வரையான ஓராண்டுதான். அக்டோபரில் புதிதாகச் சேர்ந்தவர் ஏழு மாதம் உழைத்திருந்தாலும் பணம் வராது. கான்ட்ராக்டர் நடுவில் பெயரை எடுத்துவிட்டு வேறு ஈஎஸ்ஐ நம்பரில் சேர்த்தாலும் பழைய நாட்கள் கணக்கில் ஒட்டாமல் நிற்கும். கர்ப்பம் உறுதியான வாரமே உங்கள் நம்பரில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஓடினால் கான்ட்ராக்டர் போனை எடுக்கமாட்டார்.

ஈஎஸ்ஐ இல்லாதவர்கள்: பிரசவ எதிர்பார்ப்புத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், முதலாளியிடம் மகப்பேறுச் சம்பளம் கேட்கலாம். என்றிலிருந்து விடுப்பு என்பதை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பிரசவத்துக்கு முந்தைய பகுதிக்கான தொகையை முன்கூட்டியே தரவேண்டும். மீதியை, குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்தில். பலருக்கு இது தெரியாது, ஹெச்ஆர் உட்பட.

கர்ப்பத்தைக் காரணம் காட்டி நீக்கினால் சட்டம் பிடிக்கும் என்று கம்பெனிகளுக்குத் தெரியும். அதனால் நீக்குவதில்லை. "நீயே ரிசைன் பண்ணிட்டுப் போம்மா, குழந்தை பொறந்ததும் மறுபடி சேர்த்துக்கறோம்" என்று தேனாய்ப் பேசுவார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் உரிமை கேட்பதே தனிப் போராட்டமாகிவிடும். ஒப்பந்தம் நடுவில் முடிகிறதே என்றும் பயப்பட வேண்டாம். ஒப்பந்தக் காலம் தாண்டியும் பேறுகாலச் சம்பளம் உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி வழக்கொன்றில் சொல்லிவிட்டது.

மகப்பேறுப் பணத்தைத் தனி முதலாளி தலையில் கட்டாமல் சமூகக் காப்பீடோ பொதுநிதியோ தரவேண்டும் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியா அதை ஏற்கவில்லை. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் பழைய ஏற்பாடேதான்.

மகப்பேறுக்கு மட்டும் 21,000 உச்சவரம்பை எடுத்துவிடலாம். எல்லாச் சம்பளத்திலிருந்தும், ஆண் பெண் பேதமின்றி, ஒரு சிறு பங்கு. "நாங்க ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கா போவோம்?" என்று ஐடிக்காரர்கள் கேட்பார்கள். போகவேண்டாம். மருத்துவம் உங்கள் விருப்பம். பணம் மட்டும் நேராக வங்கிக் கணக்குக்கு.