துலித் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

இரவு பதினொன்றரை. மேசை மேல் லத்தீன் அகராதி விரிந்து கிடக்கிறது, எனக்கோ வயிறு எரிகிறது. காரணம் ஒரே ஒரு சொல்: துலித். 'டி' வரிசையை மூன்று தடவை புரட்டிவிட்டேன், இல்லை.

கடைசியில் பார்த்தால் அது 'எஃப்' வரிசையில் ஒளிந்திருக்கிறது! ஃபெரோ என்றால் சுமக்கிறேன். அதன் இறந்தகாலம்தான் துலித், சுமந்தான். இது தெரிந்தவன் எதற்கய்யா அகராதியைத் திறக்கப்போகிறான்? தமிழ் கற்க வந்த வெளிநாட்டுக்காரர் 'செத்தான்' என்பதைச் 'செ' வரிசையில் தேடி, அது 'சா'வுக்குள் படுத்திருப்பது தெரியாமல் முழிப்பாரே, அந்த நிலைமைதான் எனக்கு.

அதோடு விட்டதா? சுமக்கப்பட்டவன் லாத்துஸ். அகலமானதும் லாத்துஸ். குறிலாக லத்துஸ் என்றால் விலாப்புறம். நமக்குக் குறிலும் நெடிலும் கண்ணுக்கே தெரியும். அங்கே இரண்டுக்கும் ஒரே எழுத்து. நெடிலுக்கு மேலே கோடு போடுவதெல்லாம் பாடப்புத்தகத்தோடு சரி, மற்றப் பதிப்புகளில் பெரும்பாலும் கிடையாது. கல்லையும் காலையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, இடம் பார்த்துப் புரிந்துகொள் என்றால் எப்படி?

அகராதியே வேண்டாம் என்று உரையாடல் கையேடு ஒன்றையும் காசு கொடுத்து வாங்கித் தொலைத்தேன். எடுத்த எடுப்பில் 'கழிவறை எங்கே?' யாரிடம் போய்க் கேட்பது, சீசரிடமா? வத்திக்கானில் ஏடிஎம் லத்தீன் பேசும், வாஸ்தவம்தான். அது கழிவறைக்கு வழி சொல்லாது. முப்பது வாக்கியம் மனப்பாடம் செய்துவிட்டுச் சீசரின் நூலைத் திறந்தேன். முதல் வரியிலேயே 'கால்லியா எஸ்த் ஓம்னிஸ் திவீசா'. 'பிரிக்கப்பட்டுள்ளது' என்று ஒட்டி நிற்க வேண்டிய எஸ்த் ஓரிடம், திவீசா வேறிடம், நடுவில் 'முழுவதும்' என்ற ஓம்னிஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கக் கையேட்டில் ஒரு வரி உண்டா?

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வீரமாமுனிவர் பேச்சுத்தமிழான கொடுந்தமிழுக்கு லத்தீனில் எழுதி, 1738இல் தரங்கம்பாடியில் அச்சான இலக்கணத்தை நேராகப் படிக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த மனிதர் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்று, சதுரகராதியே போட்டுக் கொடுத்துவிட்டார். நான் இன்னும் துலித்தைத் தாண்டவில்லை.

"இன்னும் பெரிய அகராதியாக வாங்கேன்" என்கிறான் நண்பன். பெரியது இருக்கிறது. முனிச் நகரில் 1894இல் தொடங்கினார்கள், இன்னும் எழுதி முடிக்கவில்லை. அது முடிவதற்குள் நானே 'சா' வரிசைக்குப் போய்விடுவேன்.