இருபதாம் பக்கத்தில் நின்ற தகலோக்

பிலிப்பைன்ஸின் தேசிய எழுத்தாளர் ஹோசே ரிசாலைப் பற்றிப் பேசுகிறவர்கள், 1887இல் பெர்லினில் அச்சான ‘நோலி மே தாங்கெரே’, 1891இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அச்சான ‘எல் பிலிபுஸ்தெரிஸ்மோ’ ஆகிய இரண்டு நாவல்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் முடிக்காமல் விட்ட மூன்றாவது நாவலுக்கு ஓர் அடிக்குறிப்பே மிஞ்சுகிறது. அவர் எழுதியவற்றுள் நம்மை அதிகம் யோசிக்க வைக்க வேண்டியது அந்த மூன்றாவதுதான் என்று நான் கருதுகிறேன்.

முதல் இரண்டும் ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டவை. ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸில் பாதிரிமார் செலுத்திய அதிகாரத்தை அவை தோலுரித்தன; ஆனால் அந்த அதிகாரத்தின்கீழ் வதைபட்ட மக்களில் பெரும்பாலோருக்கு ஸ்பானியம் தெரியாது. இது ரிசாலை உறுத்தியிருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஹாங்காங்குக்குக் கப்பலில் வரும்போதே அடுத்த நாவலைத் தம் தாய்மொழியான தகலோக்கில் தொடங்கிவிட்டதாகவும், இம்முறை அரசியலை ஒதுக்கிவைத்துக் கலையையே முன்னிறுத்தப் போவதாகவும், ஸ்பானியத்தில் எழுதினால் யாருக்காக எழுதுகிறாரோ அவர்களுக்கே அது எட்டாது என்றும் 1892 ஜனவரியில் நண்பர் புளூமென்ட்ரிட்டுக்குக் கடிதம் எழுதினார்.

அவரால் அதைத் தொடர முடியவில்லை. ஏறத்தாழ இருபது பக்கங்களில் தகலோக் நின்றுவிட, அதே கதையை ஸ்பானியத்தில் மறுபடி தொடங்கினார், அதுவும் முடியவில்லை. குருத்தோலை ஞாயிறன்று பங்குச்சாமியார் அகத்தோன் கடுகடுப்புடன் பூசையை அவசர அவசரமாக முடித்துவிடுகிறார். காரணம் என்னவாக இருக்கும் என்று ஊரே குசுகுசுக்கிறது. கிடைத்திருப்பது இந்தத் தொடக்கம்தான். ‘பூசைக்குப் பிறகு’ என்று பொருள்படும் ‘மகாமிசா’கூட ஓர் அத்தியாயத்தின் தலைப்பே, நாவலுக்கு அவர் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. ‘நோலி’யின் வரைவு என்ற பெயரில் பிலிப்பைன்ஸ் தேசிய நூலகத்தில் கிடந்த தாள்களுக்குள் வேறொரு நாவல் இருப்பதை, 1987இல் வரலாற்றாசிரியர் ஆம்பெத் ஒகாம்போ கண்டறிந்தார்.

தாய்மொழியில் எழுதத் தெரியாத தேசியவாதி என்று இதை வைத்து ரிசாலைக் குறைத்துப் பேசுவதை நான் ஏற்கவில்லை. பதினொரு வயதிலிருந்து மணிலாவில் ஸ்பானியத்திலேயே கல்வி கற்று, இளமை முழுவதும் அம்மொழியிலேயே வாதிட்ட ஒருவர், நவீன நாவலுக்குரிய உரைநடையைத் தகலோக்கில் ஏறக்குறைய தாமே உருவாக்க வேண்டிய நிலையில் இருந்தார். 1886இல் ஷில்லரின் ‘வில்லியம் டெல்’ நாடகத்தைத் தகலோக்கில் பெயர்த்தபோது, ‘சுதந்திரம்’ என்ற சொல்லுக்கே அவர் திணறியிருக்கிறார். தமக்குத் தெரிந்த சொல், முன்பு சிறைப்பட்டிருந்தவனுக்குக் கிடைக்கும் மீட்பையே குறித்தது என்றும், தமது கட்டுரை ஒன்றைச் சக பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் மார்செலோ டெல் பிலார் மொழிபெயர்த்ததில்தான் பொருத்தமான சொல்லைக் கண்டடைந்ததாகவும் அண்ணன் பசியானோவுக்கு எழுதினார். ஒரு நாட்டின் விடுதலையைக் கனவு கண்டவர் அதற்கான சொல்லைத் தம் மொழியில் தேடி அலைந்தார் என்பதை என்னால் கலங்காமல் படிக்க முடியவில்லை. அந்நிய ஆட்சி பள்ளிக்கூடத்தின் வழியாக அவரிடமிருந்து எதைப் பறித்தது என்பதற்கு, அந்த நின்றுபோன பக்கங்களைவிட நேரடியான சாட்சியம் வேறில்லை.

1892 ஜூன் இறுதியில் மணிலா திரும்பிய அவர் பத்தே நாளில் கைதாகி, பிலிப்பைன்ஸின் தெற்கிலுள்ள தபித்தான் என்ற ஊருக்கு ஒதுக்கி அனுப்பப்பட்டார். 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தத் தாள்களை எந்த மொழியில் பெயர்த்தாலும், தகலோக் எங்கே நின்றது, ஸ்பானியம் எங்கே தொடங்கியது என்பது வாசகருக்குத் தெரியும்படி அச்சிட வேண்டும். அந்த இடத்தை மழுப்பிவிட்டு, தொடர்ச்சியான ஒரே கதையாக இதை யாரும் படிக்கத் தரக் கூடாது.