வகுப்பில் கொடுப்பது வேறு, யூடியூபில் போடுவது வேறு

பாடம் நடத்த ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது குற்றமில்லை. ஆசிரியர்கள் இதற்குப் பயப்படுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே, கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பது மீறல் ஆகாது என்கிறது. வினாத்தாளுக்கும் விடைத்தாளுக்கும் இது பொருந்தும்.

இது வெறும் ஏட்டுச் சலுகை இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகப் பாடத்திட்டப்படி பல புத்தகங்களின் பகுதிகளைத் திரட்டிக் கட்டாக விற்ற ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முதலான பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. 2016 டிசம்பரில் உயர் நீதிமன்ற அமர்வு, இத்தனை பக்கம்தான் என்று கணக்கு வைக்கவில்லை. பாடத்துக்கு எவ்வளவு தேவை என்பதே அளவுகோல் என்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆனால் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆண்டு விழா நாடகத்தை மாணவர், ஆசிரியர், பெற்றோர் பார்க்கும்வரை விலக்கு உண்டு. டிக்கெட் போட்டு ஊரையே கூப்பிட்டால் அனுமதி வாங்க வேண்டும். இணைய வகுப்பும் அப்படித்தான். ஸ்கேன் செய்த அத்தியாயத்தை கூகுள் கிளாஸ்ரூமில் உங்கள் மாணவர்களுக்கு மட்டும் கொடுங்கள். டிரைவில் 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று விட்டால், அது சாயங்காலத்துக்குள் பத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். மாணவர்களின் மின்னஞ்சலைச் சேர்த்துப் பகிருங்கள், பருவம் முடிந்ததும் அணுகலை எடுத்துவிடுங்கள்.

பொதுவில் வீடியோ போடுகிறவர்கள் அதிகம் மாட்டுவது பாரதி பாட்டில். பாரதியின் எழுத்து 1949இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டது. வரிகளை யாரும் அச்சிடலாம், வாசிக்கலாம். சினிமாவில் வந்த பாரதி பாட்டுக்கோ மெட்டுக்குத் தனி உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. அந்த ஒலியைப் பின்னணியில் ஓடவிட்டால் யூடியூபின் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும். விளம்பர வருமானம் இசை நிறுவனத்துக்குப் போகலாம், வீடியோவே முடங்கவும் செய்யலாம். 'பாரதி பொதுச்சொத்துதானே' என்ற பதில் அங்கே எடுபடாது. நீங்களே பாடினாலும் சினிமா மெட்டு வேண்டாம். வாய்விட்டு வாசியுங்கள், அல்லது சொந்தமாக மெட்டுப் போடுங்கள்.

திருக்குறளிலும் இதே சிக்கல் உண்டு. குறள் எல்லாருக்கும் சொந்தம். உரை எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகாமல், நாட்டுடைமையும் ஆகாமல் இருந்தால் அந்த உரை சொந்தமில்லை. வகுப்பில் தாராளமாகக் கொடுங்கள். யூடியூபில் போடும்போது பரிமேலழகரை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பொருளை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.